நெம்புகோல் மேலேதான் இருந்தது

பிப்ரவரி வந்தால் எங்கள் ஒகையோவில் இஞ்சின் எண்ணெய் பாகாக இறுகிவிடும். கார் வைத்திருப்பவர்கள் பனியில் நின்று, இஞ்சினைக் கிளப்ப முன்னால் இருக்கும் கைப்பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்றுவார்கள். அந்தத் தொல்லையை ஒழிப்பதுதான் என் வேலை. பொத்தானை அழுத்தினால் ஒரு சின்ன மின்மோட்டார் இஞ்சினைச் சுழற்றிவிட வேண்டும்.

பட்டறைக் கொட்டகையில் என்னோடு வேலை பார்த்தவன் எம்மெட் ஹாஸ்கெல், முதலாளி லைமனின் தம்பி. கார்களை ஓட்டிப் பார்ப்பவன். மனைவி நெட்டி கட்டித் தரும் பன்றியிறைச்சி ரொட்டியில் பாதியை எனக்குத் தராமல் சாப்பிடமாட்டான். நல்லவன். இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மோட்டாரின் வலிமையில் குறையில்லை. சிக்கல் மோட்டாரை இஞ்சினோடு இணைக்கும் பல்சக்கரத்தில்தான். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் மோட்டார் விலகிக்கொள்ள வேண்டும். விலகாவிட்டால் பற்கள் நொறுங்கும். எஃகை மாற்றினேன், ஸ்பிரிங்கை மாற்றினேன். லைமனுக்குப் பொறுமை போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன் ரோரர். ஓடலைன்னா கொட்டகையப் பூட்டிட வேண்டியதுதான். கையில பலம் இருக்கிறவன் கார் வாங்கட்டும், போதும்."

வெள்ளிக்கிழமை, அவர் வருவதற்குச் சற்று முன் பற்கள் மறுபடி நொறுங்கின. எம்மெட் வெளியே பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். நொறுங்கியது தெரியாதபடி நான் மோட்டாரின் மூடியைப் போட்டுத் திருகிவிட்டேன்.

லைமனிடம், "முதல்ல கையால சுத்திக் காட்டுறோம், அப்புறம் மோட்டார். அப்பதான் வித்தியாசம் தெரியும்" என்றேன்.

"கழுதை வேலைன்னா மட்டும் என் தலையிலயா? சரி, நகரு" என்று எம்மெட் சிரித்தான்.

ஸ்டீயரிங்கை ஒட்டித் தீப்பொறி நெம்புகோல் இருக்கும். கையால் சுற்றும்போது அதை மேலே தள்ளி வைக்க வேண்டும். கீழே இருந்தால் பெட்ரோல் முன்கூட்டியே பற்றி, கைப்பிடி திருப்பி அடிக்கும். எம்மெட் அதை மேலே தள்ளிவிட்டுத்தான் முன்னால் போய்க் குனிந்தான். ஓட்டுபவர் இருக்கையில் நான் இருந்தேன். நெம்புகோலைக் கீழே இழுத்தேன்.

மணிக்கட்டு முறியும், அன்றைக்கு மோட்டாரைக் காட்ட வேண்டியிருக்காது என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். அடி தாடையில் விழுந்தது. நெம்புகோலை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். தம்பி அதை மேலே தள்ள மறந்துவிட்டான் என்று லைமனே முடிவு கட்டினார்.

காயம் சீழ்ப்பிடித்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட வாயால் என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

"நான் மேல தள்ளினேன்ல?"

"இல்லடா எம்மெட். மனசப் போட்டு அலட்டிக்காத."

தலையசைத்தான். என்னை நம்பினான். அடுத்த வாரம் அடக்கம் செய்தோம்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது லைமன் சொன்னார்: "எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்க. இன்னொருத்தன் இப்படிச் சாகக் கூடாது." கோடைக்குள் மோட்டாரைச் சரிசெய்துவிட்டேன். முதன்முதலில் பொத்தானை நெட்டிதான் அழுத்தினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தன் கணவன் அப்படி மறக்கிறவன் இல்லை என்று அவள் உங்களிடம் வந்து சொன்னது சரிதான். அவன் எதையும் மறந்ததில்லை.

இனி எத்தனையோ பேருடைய கைகள் முறியாது. அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பற்கள் நொறுங்கிவிட்டதை லைமனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் எம்மெட் நின்றிருந்தானே. அவன் என்மேல் அவ்வளவு மதிப்பு வைத்திருந்தான். அவன் முன்னால் அதை எப்படிச் சொல்வது?