எப்போதும் சார்ஜரில்

எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான், மேடம். லேப்டாப் வாங்கிய அன்றைக்குச் சார்ஜரைச் செருகுவார்கள். அதோடு சரி, பிடுங்குவதே கிடையாது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பேட்டரி பாழாகணும் என்று சட்டமா என்ன? எண்பது சதவீதத்தோடு சார்ஜ் நிற்கிற மாதிரி உள்ளேயே செட்டிங் இருக்கிறது. மெத்தை மேலே வைக்கக் கூடாது, சூடு வெளியேறாது. அவ்வப்போது சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் இறங்கவிட வேண்டும். பேட்டரி உப்பிவிட்டதென்றால் பேச்சே இல்லை, அணைத்துக் கழற்றிவிட வேண்டியதுதான்.

தேரடி வீதிக் கடையில் தினமும் இதைத்தான் சொல்வேன். "நீ இப்பிடிப் பாடம் எடுத்தா ரிப்பேருக்கு எவன்மா திரும்பி வருவான்?" என்பார் முதலாளி குமரேசன் அண்ணன். நல்ல மனுசன். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, அன்றைக்கு அவர் சரக்கெடுக்கச் சென்னை போயிருந்தார்.

சுரேஷ்குமார் சாரிடமும் இதையே சொல்லியிருக்கலாம். சென்னைக் கம்பெனியில் மேனேஜர். மன அமைதி வேண்டி, ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு எடுத்து, அங்கிருந்தே வேலை பார்க்கிறவர். லேப்டாப்பை மேசையில் வைத்தால் ஆடுகிறது, டச்பேட் அமுங்கவில்லை என்று கொண்டுவந்தார்.

"ஏம்மா, டெக்னீஷியன் யாரும் இல்லியா?"

"நான்தான் சார்."

"நீயா," என்றார். அதற்குள் அவருக்கு ஒரு போன் வந்தது. "சரி சரி, அடுத்தத அனுப்பு," என்று யாரிடமோ சொன்னார். எனக்கு அந்தக் குரல் தெரியும்.

எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் கடலைக் காடு. எனக்கு ஆன்லைன் இன்டர்வியூ என்றதும், சத்தம் கேட்குமென்று அன்றைக்கு அவர் மோட்டாரே போடவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். முடிந்ததும் ஒருத்தர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். "பேரே உண்ணாமலையாம்பா. பட்டிக்காட்டு கேஸ். அடுத்தத அனுப்பு," என்றது அந்தக் குரல். எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் நின்றிருந்த அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து அவரும் சிரித்தார்.

சார் என் முகத்தை மறந்திருந்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முகம் பார்க்கிறாரோ. மூடியைக் கழற்றினேன். பேட்டரி எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பியிருந்தது.

"டேஞ்சரா எதுனா?" என்று கேட்டார். என்னிடம் அவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான்.

"ஒண்ணும் இல்ல சார். எப்பவும் சார்ஜர்லயே இருக்கட்டும், ஜாஸ்தி நாள் வரும்," என்றேன். அதே பேட்டரியை உள்ளே அமுக்கி, ஸ்க்ரூவை இறுக்கினேன். எண்பது சதவீதச் செட்டிங்கை எடுத்துவிட்டேன். நான் செய்தது அவ்வளவுதான், ஒரே ஒரு டிக்.

மறுநாள் பௌர்ணமி. காலையிலேயே வந்து வாங்கிக்கொண்டு போனார். கிரிவலம் வருகிறவர்கள் பாத்ரூம் கேட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று அந்தப் பக்கம் பாதி வீடுகளில் வெளிக் கிரில்லில் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அவரும் போட்டுவிட்டுத்தான் நடக்கப் போவாராம். செங்கம் ரோட்டில் அன்றைக்கு ஆட்டோவே நுழையாது, தீயணைப்பு வண்டி எங்கே நுழையும்? அவர் மலைக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தார், சாவி அவர் பாக்கெட்டில். இதெல்லாம் ஊர்ப் பழக்கம், மேடம். நான் ஏற்படுத்தியதா?

பூட்டின வீட்டில் ஆள் இருக்குமென்று எனக்கு எப்படித் தெரியும் என்று ஸ்டேஷனுக்கு வந்ததும் முதலில் உங்களிடம் கேட்டேன். நியாயமான கேள்விதான். ஆனால் கடை போனுக்கு வந்த அழைப்பை நீங்கள் எடுத்துப் பார்த்துவிட்டீர்கள். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது.

மத்தியானம் கடையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். "சர்வீஸ் கடைங்களா? நான் வினோதினிங்க, சுரேஷ்குமார் வொய்ஃப்," என்றது போன். "அவரு வெளிய பூட்டிட்டு நடக்கப் போயிருக்காரு. லேப்டாப்புல படம் பாத்துட்டிருந்தேன், கை வைக்க முடியலிங்க, அப்பிடி சுடுது. நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாடை வேற. சார்ஜரப் புடுங்கிடட்டுங்களா?"

"வேணாங்க்கா. இப்பப் புடுங்கினா பேட்டரி கெட்டுடும். அப்பிடியே மெத்தை மேல வெச்சிட்டு நீங்க படுத்துக்குங்க."

"சரிங்க. உங்க பேரு?"

சொன்னேன்.

"உண்ணாமலைங்களா? அம்மன் பேரு. ரொம்ப நல்ல பேருங்க."

அந்த அக்கா மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீட்டிலிருந்து என்னை 'நீங்க' என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். 'தேங்க்ஸ்ங்க' என்று அவர் சொல்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தேன்.

வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.