ஐம்பத்தாறு கிலோ

எடை ஒரு பொட்டு கூடக் குறையல, அப்புறம் என்னத்துக்குச் சாப்பாட்டைப் பத்தி இங்க வந்து புலம்பற? இதைத்தாங்க சொன்னாரு என் வீட்டுக்காரர். இப்போ, உங்க கதவுக்கு வெளியில, பெஞ்சு நிறைய ஆளுங்க உட்கார்ந்திருக்கும்போது. உங்களுக்கே கேட்டிருக்கும். கேட்கலைன்னு தலையாட்டாதீங்கம்மா, இது என்ன கருங்கல் சுவரா, பிளைவுட்.

உட்கார்றேன். உட்கார்றதுதான் இப்போ என் வேலையே. காலையில எடை பார்த்தாச்சு, ரத்தம் எடுத்தாச்சு, கீழ மருந்து கலக்கறாங்க, அரை மணி ஆகுமாம். நாலாவது ஊசி. மார்புல இருந்த கட்டியை எடுத்துட்டாங்க, இது மிச்சம் மீதியைக் கொல்றதுக்கு. அதுக்குள்ள டயட் ஆலோசகரைப் பார்த்துட்டு வாங்கன்னு நர்ஸ் சொல்லிச்சு. இவரும் கிளம்பினாரு. பொம்பளைங்க சமாசாரம் கேட்கணும்னு சொல்லி நிறுத்திட்டேன். இந்த ஆஸ்பத்திரியில அவர் இல்லாம நான் பேசறது இதான் முதல் தடவை. டாக்டர் என்னைப் பார்த்து வாந்தி இருக்கான்னு கேட்பாரு, இவர் இல்லைம்பாரு. வாந்தி எனக்கு, வாய் அவருக்கு.

என்ன சாப்பிடறேனா? எழுதிக்குங்க, பேப்பர் நிறைய வேண்டாம். காலையில பச்சைச் சாறு ஒரு டம்ளர். மத்தியானம் வேகவெச்ச முட்டைக்கோஸ், உப்பு போடாம. சாயங்காலம் சாறு. ராத்திரி அந்தச் சாறோட தங்கச்சி. அரிசி, பால், முட்டை எதுவும் ஆகாது. சர்க்கரை டப்பாவை ஃபாக்டரிக்கே தூக்கிட்டுப் போயிட்டாரு. சர்க்கரைதான் கேன்சருக்குத் தீனி, தீனியை நிறுத்தினா அது பட்டினியில செத்துரும்னு யாரோ ஒரு புண்ணியவான் ஃபோன்ல அனுப்பியிருக்கான். யாரு முதல்ல சாகறதுன்னு எனக்கும் அதுக்கும் போட்டி நடக்குது.

போன வாரம் நீங்க கூடத்துல வகுப்பு எடுத்தீங்களே, அது பொய்யுன்னு தெளிவா சொன்னீங்க. முட்டை சாப்பிடுங்க, பருப்பு சாப்பிடுங்க, உடம்புல தெம்பு இல்லைன்னா ஊசியைத் தாங்க முடியாதுன்னீங்க. இவரும் என் பக்கத்துல உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாரு. வெளியில வந்ததும், இதெல்லாம் பொதுவா சொல்றதும்மா, நம்ம கேஸ் வேறன்னுட்டாரு.

இவ்வளவு வாய் பேசறவ சண்டை போட்டிருக்கலாமேன்னு பார்க்கறீங்க. போட்டேன். முட்டைக்கோஸைத் தட்டோட சிங்க்ல கவுத்தேன். அந்த மனுஷன் திருப்பிக் கத்தியிருந்தா ஒரு கை பார்த்திருப்பேன். கத்தல. சமையல் மேடையில சாய்ஞ்சு நின்னுக்கிட்டு, அப்போ நீ பொழைக்க வேண்டாமான்னு கேட்டாரு. கண்ணுல தண்ணி. அவரோட அக்கா இதே நோயில போனாங்க. அன்னிக்கு நாம ஒண்ணுமே செய்யலைங்கறது அவருக்கு நெஞ்சுல முள்ளு. எனக்குத் துணைக்குன்னு அவரும் அதே சாறைத்தான் குடிக்கிறாரு. தொப்பை கரைஞ்சு, கல்யாண போட்டோவுல இருந்த மாதிரி ஆயிட்டாரு. இவர்கிட்ட எப்படிங்க சண்டை போடறது?

ஃபாக்டரியில சரக்கு சோதிக்கிற வேலை அவருக்கு. தேறினது, தேறாதது, இருபத்தஞ்சு வருஷமா அதே முத்திரைதான். நானும் இப்போ ஒரு சரக்கு. ஃப்ரிட்ஜ் கதவுல சார்ட் ஒட்டியிருக்காரு. முதல் ஊசிக்கு அப்புறம் ஐம்பத்தெட்டு ஐம்பத்தாறு ஆச்சு. நல்லதாப் போச்சு, இப்பவாவது சோறு போடுவாருன்னு நெனச்சேன். அவர் என்ன சொன்னாரு தெரியுமா? பார்த்தியா, நோய் உன்னைத் தின்னுது, பத்தியம் இன்னும் கட்டா இருக்கணும். அன்னிக்கே பழத்தையும் நிறுத்திட்டாரு. அடுத்த தடவை குறைஞ்சா எதை நிறுத்துவாரு? தண்ணியையா?

அதனால அடுத்த தடவை குறையல. அதுக்கடுத்த தடவையும் குறையல. ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு. சார்ட்ல பச்சை மையில டிக். பார்த்தியா, டயட் வேலை செய்யுதுன்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஃபோன் பண்ணிட்டாரு. இருக்கறதாவது மிஞ்சும்னு நான் போட்ட கணக்கு, அவர் முட்டைக்கோஸுக்கு சர்டிஃபிகேட் ஆயிடுச்சு. இனிமே நான் பசிக்குதுன்னா யாரு நம்புவா? நீங்களே அந்த ஃபைலைப் பார்த்துட்டு, எடை நல்லாத்தானே இருக்குன்னு சொல்லத்தானே போறீங்க?

எப்படிக் குறையாம நின்னுச்சா? கான்வென்ட்ல தையல் வகுப்புன்னு ஒண்ணு உண்டும்மா. மடிப்புத் தையல்ல நூல் வெளியில தெரிஞ்சா சிஸ்டர் ஸ்கேலால விரல்ல போடுவாங்க. என் பாவாடை ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க. பார்க்கத் தெரியாது, தூக்கினாத்தான் தெரியும். ஜன்னல் திரை காத்துல பறக்காம இருக்கறதுக்கு அடியில வெச்சுத் தைப்பாங்களே, அந்த ஈயத் துண்டு. இடுப்புலயும் ஒரு பட்டி இருக்கு. இன்னிக்கு மொத்தம் ஆறு கிலோ. மருந்துக்கடை மெஷின்ல இதெல்லாம் இல்லாம ஏறினேன், வெறும் ஐம்பதுதான்.

இதை நான் உங்ககிட்ட சொல்லியிருக்கவே மாட்டேன். ஆனா காலையில அந்த நர்ஸ் ஐம்பத்தாறுன்னு எழுதிட்டு, எல்லாத்தையும் இதை வெச்சுத்தானே கணக்குப் போடணும்னு சொல்லிச்சு. எல்லாம்னா எதுன்னேன். மருந்து எவ்வளவு ஏத்தணும்ங்கறதுன்னுச்சு. இத்தனை நாளா அந்த நம்பர் ஃப்ரிட்ஜ் கதவுக்கு மட்டும்னு நெனச்சிருந்தேன். போன தடவை பத்து நாள் நாக்கு புண்ணாகி, காய்ச்சல்ல கிடந்தேன். அது எதனாலன்னு இப்பத்தான் யோசிக்கிறேன்.

தட்டறது அவருதான். இருக்கட்டும், திறக்காதீங்க. கீழ மருந்து கலக்கறவங்களுக்கு ஒரு ஃபோன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க. மெஷினை இங்க கொண்டாந்து இன்னொரு தடவை பாருங்க, எல்லாத்தையும் கழட்டி வெச்சுடறேன். அவருக்கு நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க, எனக்கு முடியாது.

ஏம்மா, என்னையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க? ஃபோனை எடுங்களேன்.