இரும்புச் சட்டைக்குள் வைரக்கண்ணு

அரியலூரில் வெள்ளைச் சட்டை வாங்குவது வீண் செலவு. காலையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் மத்தியானத்துக்குள் சிமெண்ட் நிறத்துக்கு வந்துவிடும். நீங்கள் இங்கே மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்பதை உங்கள் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவேன் சார். அடுத்த மாதம் நீங்களும் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடுவீர்கள். எல்லோரும் மாறியவர்கள்தான்.

என் பெயர் கோகுலகிருஷ்ணன், சொந்த ஊர் உடையார்பாளையம். சிமெண்ட் கிடங்கில் மூட்டை ஏற்றுகிற ஒப்பந்தக்காரரிடம் இன்ஜினியர். மூட்டை ஏற்ற இன்ஜினியர் எதற்கு என்று என் மாமனாரே கல்யாணத்துக்கு முன்னால் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கிடங்கில் ஒரு வாரம் நின்று பார்த்திருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார். ஐம்பது வயதாவதற்குள் அங்கே ஒரு லோடுமேனால் குனிந்து தன் செருப்பைப் போட முடியாது. பெண்டாட்டிதான் போட்டுவிட வேண்டும். நான் ஈரமில்லாதவன் இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

அதனால்தான் அந்த மோட்டார் கவசத்தைக் கேட்டு வாங்கினேன். ராணுவ வீரர்கள் முதுகுச் சுமையோடு மலை ஏறுவதற்காக சென்னையில் ஒரு கம்பெனி செய்தது. தொடை, இடுப்பு, தோள், கழுத்து எல்லாவற்றையும் வாரால் பிணைத்துவிடும். மூட்டுக்கு மூட்டு மோட்டார், முதுகில் பேட்டரி. போட்டுக்கொண்டால் ஐம்பது கிலோ மூட்டை தலையணை மாதிரி வந்துவிடும். எங்கள் ஆட்கள் அதற்கு இரும்புச் சட்டை என்று பெயர் வைத்தார்கள்.

அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒருதலையாகப் பேசுவது என் வழக்கமில்லை. சிமெண்ட் தூள் மூட்டுகளில் புகுந்துவிடும். சித்திரை வெயிலில் உள்ளே இருக்கிற ஆள் வெந்துபோவார். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால்கூட இரண்டு பேர் வந்து கழற்றிவிட வேண்டும். லாரியில் சாய்த்துப் போட்ட பலகையில் ஏறும்போது பேட்டரி தீர்ந்தால், மூட்டையோடு சட்டையின் கனத்தையும் அவரே சுமக்க வேண்டும். இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாதது ஒன்றுதான் இருந்தது. அது வைரக்கண்ணு.

வைரக்கண்ணு தா.பழூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். மழை பொய்த்த ஒரு வருடம் வயலை விட்டுக் கிடங்குக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. முன் ஏர் போன வழியே பின் ஏர் என்பார்களே, அந்தக் கிடங்கில் முன் ஏர் அவர்தான். நாலைந்து நாள் இரும்புச் சட்டையைப் போட்டுப் பார்த்தார். பிறகு கழற்றி ஓரமாக, மரியாதையாக, சாய்த்து வைத்தார். எல்லார் முன்னாலும் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

"நான் நிக்கலாம்னு நெனச்சா இது நடக்குது சார். இது ஒடம்புக்கு ஆவாதுங்க."

மறுநாள் ஒருவர்கூடச் சட்டையைத் தொடவில்லை. அந்த வாரம்தான் கம்பெனிக்காரர்கள் நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் அபூர்வமாகத்தான் வரும், என் மனைவி ஜானகியைக் கேட்டுப் பாருங்கள். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் ஒரே ஒரு லாரி ஏற்றிக் காட்டிவிட்டு, இது வேண்டாம் என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள், அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றேன். படித்தவர்கள் முன்னால் பேச ஒரு வாய்ப்பு. அதற்காகத்தான் ஒத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அந்தச் சட்டையில் போர்க்களத்துக்கென்று ஒரு வசதி இருக்கிறது. அடிபட்டு மயங்கிய வீரரை, முன்பே சொல்லிக்கொடுத்த வழியில், சட்டையே முகாமுக்கு நடத்திக்கொண்டு வந்துவிடும். உள்ளே இருப்பவரின் கைகால் அப்போது அவருடையது அல்ல. சாதாரண வேலையில் இதைப் போடவே கூடாது என்று கம்பெனியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் வெறும் சட்டையை வைத்துக்கொண்டு, அடுக்கிலிருந்து எடுத்துத் திரும்பி, பலகையில் ஏறி, லாரியில் வைக்கும் வழியை அதற்குப் பழக்கினேன். ரொம்பப் பொறுமை வேண்டிய வேலை. இந்த வசதியைப் போட்டுவிட்டால், மூட்டை இல்லாத நேரத்தில் உள்ளே இருப்பவர் கையைக் கொஞ்சம் அசைக்கலாம், ஆனால் அது தோளுக்கு மேலே எழாது, மூட்டை நழுவக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, எங்கள் லோடுமேன்களின் ஒரு வழக்கம். முடியவில்லை என்று அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். அது இழுக்கு. தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டால் முடியவில்லை என்று அர்த்தம். அதன்பிறகு யாரும் ஒரு கேள்வி கேட்கக்கூடாது, அவரை ஒதுங்க விட்டுவிட வேண்டும். துண்டு தலையில் இருக்கும்வரை யாரும் அவரைத் தடுக்கவும் கூடாது. பெற்ற மகனே ஆனாலும் கூடாது.

கம்பெனிக்காரர்கள் வரவிருந்த அன்று காலை வைரக்கண்ணுவின் மனைவி வீராயி என்னைத் தேடி வந்தார். கிடங்கில் சிந்துகிற சிமெண்டைக் கூட்டி அள்ளுவது அவர் வேலை. விளக்குமாற்றைப் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ராவெல்லாம் உக்காந்தே இருந்தாரு சார். படுத்தா மூச்சு முட்டுதுங்குறாரு. என்னைய சொல்லக் கூடாதுன்னுட்டாரு. இன்னிக்கு வேற ஆள போடுங்க."

"துண்ட எடுத்தார்னா அந்த நிமிசமே நிறுத்திடறேம்மா" என்றேன். "நான் பக்கத்துலயேதான் இருப்பேன்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. துண்டை எடுத்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மீசையை அழகாக வைத்திருந்தார். வைரக்கண்ணு துண்டைக் கட்டி, தூளுக்கு முகமூடியும் போட்டுக்கொண்டார். வார்களை நானே இறுக்கினேன். ஆரம்பத்தில் அவர்தான் ஏற்றினார், சட்டை உதவி மட்டும் செய்தது. மீசைக்காரருக்கு அதில் பெரிய வியப்பில்லை. திடமான ஆள் சுமப்பதில் என்ன இருக்கிறது, ஆள் களைத்துப்போனால் இது என்ன செய்யும் என்று கேட்டார்.

சரியான கேள்வி. அதற்கு விடை என் கையில் இருந்தது. நான் செல்போனை எடுத்து அந்த வசதியைப் போட்டேன்.

வைரக்கண்ணுவுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்குமா, நிற்க நினைத்தவரின் கால் நடக்கிறதே. முகமூடிக்கு மேலே இருந்த கண்கள் என்னைத் தேடின. ஒரு மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவருடைய வலது கை எழுந்தது. தோள் வரைக்கும் வந்து அங்கேயே நின்று நடுங்கியது. தலைத்துண்டுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். மீசைக்காரர் தனக்கு சல்யூட் வைக்கிறார் என்று நினைத்து, விறைப்பாக நின்று பதில் சல்யூட் வைத்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள்தான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வீராயி கூட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் தலையைத் தொட்டுக் காட்டினேன். துண்டு இருக்கிறதே என்று அர்த்தம். அவர் கணவரைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், மறுபடி குனிந்து கூட்ட ஆரம்பித்தார். கூட நின்ற ஆட்களும் அப்படியே. லாரி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முகமூடிக்குள் அவர் ஏதாவது சொல்லியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

செல்போனில் உள்ளே இருப்பவரின் நாடித்துடிப்பு தெரியும். அது முதலில் ஓடியது, பிறகு தடுமாறியது. நிறுத்தும் பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. மீசைக்காரர் அந்த நேரம் என் தோளில் கைவைத்து, பிரமாதம் தம்பி என்றார். என்னை அப்படி யாரும் சொன்னதில்லை சார். இத்தனை வருடத்தில் என் அப்பாகூடச் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லாரி நிறைந்ததும் சட்டை பழக்கப்பட்ட இடத்துக்கு வந்து நின்றது. கழுத்து வார் தலையை நிமிர்த்திப் பிடித்திருந்தது. அவர்கள் கைதட்டினார்கள். போட்டுக்கொண்ட தொழிலாளியின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். அவர் அதிகம் பேச மாட்டார், ஆனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று நானே சொன்னேன். அதை ஒருவர் குறித்துக்கொண்டார்.

வீராயி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வேலை முடிந்ததும் அவர் எப்போதும் கொண்டுவருவதுதான். முகமூடியை இறக்கி, "குடிங்க, சட்டைய கழட்டிரலாம்" என்று வாயில் வைத்தார். தண்ணீர் தாடை வழியாக இறங்கி மார்பு வாரில் ஓடியது. வீராயி கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. செம்பைக் கீழே வைத்தார். கணவரின் தலையிலிருந்து துண்டை அவரே அவிழ்த்து, தோளில் போட்டார். மற்ற ஆட்கள் அதைப் பார்த்து அப்படியே நின்றார்கள்.

நீங்கள் இதை உங்கள் விசாரணை அறிக்கையில் விபத்து என்று எழுதத் தயாராக இருக்கிறீர்கள். ஒப்பந்தக்காரரின் வக்கீலும் அதைத்தான் சொல்கிறார். இதயம் பலவீனமான ஆள், சொல்லாமல் மறைத்துவிட்டார், ஏற்றி முடித்த களைப்பில் போய்விட்டார் என்று. எனக்கு அது சம்மதமில்லை. அப்படி எழுதினால் இரும்புச் சட்டை அன்றைக்கு என்ன சாதித்தது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஆகவே சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அவர் இறந்தபோது லாரி பாதிதான் நிறைந்திருந்தது. நான் போனைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மீதிப் பாதியில் ஒரு மூட்டைகூடக் கோணவில்லை சார், நீங்களே போய்ப் பாருங்கள்.