நினைவுக் கோப்பைக்கு ஓர் ஆள்

கோப்பை என்றால் முழங்கால் உயரமாவது இருக்க வேண்டும், ஐயா. அதற்குக் கீழே இருந்தால் அது டம்ளர். இந்தப் பக்கத்து ஊர்க் கமிட்டிகளுக்கு இது எத்தனை சொன்னாலும் ஏறுவதில்லை. சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. ராஜாக்கண்ணு என்ற பெயருக்கு முன்னால் 'முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்' என்று போட மட்டும் மறந்துவிடாதீர்கள்.

சொந்த ஊர் ஒடுகத்தூர். சென்னை லீக்கில் எட்டு சீசன் விளையாடினேன். அதில் ஒரு சீசனுக்குச் சம்பளம்கூட ஒழுங்காக வந்தது. நான் தடுப்பாட்டக்காரன். என்னைத் தாண்டி யாரும் போனதில்லை என்று சொன்னால் அது தற்பெருமை. போனவர்கள் நொண்டிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். ஒருமுறை ஒருவனுக்குக் கால் எலும்பு உடைந்ததைப் பெரிய விஷயமாகப் பேசினார்கள். பந்து அங்கேதான் இருந்தது. கால் நடுவில் வந்தது.

விளையாட்டு முடிந்ததும் மேனேஜர் ஆனேன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனி அணி. இரண்டு வருடத்தில் அணியையே கலைத்துவிட்டார்கள், முதலாளிக்குக் கால்பந்து புரியாது. பிறகு ஒரு கல்லூரி. அங்கே மாணவர்களுக்குப் புரியவில்லை. இப்படி எனக்கு வாய்த்த யாருக்குமே கால்பந்து புரியாமல்தான் கடைசியில் ஜவ்வாது மலை மேலே ஜமுனாமரத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

மலைப் பையன்களுக்கு மூச்சு நன்றாக இருக்கும். அங்கே நான் மேனேஜரான அணியின் தலைவர் சக்கரவர்த்தி, புளி வியாபாரி. நல்ல மனிதர், ஆட்டத்தின் நடுவில் போனில் பேசுவார். அணியின் கேப்டன் பாலமுருகன். ஷேர் ஜீப் ஓட்டுகிறவன், கோல் போடுகிறவன், எல்லாரிடமும் சிரிக்கிறவன். எல்லாரிடமும் சிரிப்பது ஒழுக்கத்துக்கு நல்லதல்ல என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் இருந்தது, கோப்பை மட்டும் இல்லை. கீழே இறங்கினால் ஊருக்கு ஒரு கோப்பை. அமரர் இன்னார் நினைவுக் கோப்பை, அமரர் அன்னார் நினைவுக் கோப்பை. பேனரில் மாலை போட்ட படம், கீழே வரிசையாக வியாபாரிகளின் பெயர்கள். செத்தவன் பந்தைத் தொட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வயது குறைவாக இருக்க வேண்டும், முகம் லட்சணமாக இருக்க வேண்டும், போன விதம் கேட்டால் 'அடப்பாவமே' என்று வாயில் வர வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பரிசுக்கு ஆட்டுக்கிடா ஒருவர் தருவார், சாப்பாடு ஒருவர் போடுவார், ஒலிபெருக்கி தானாக வந்து நிற்கும்.

மலையில் அப்படி யாரும் சாகவில்லை. வயசானவர்கள் செத்தார்கள். அவர்களால் பிரயோஜனமில்லை.

வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசினேன். சக்கரவர்த்தி கேட்டார்.

"யார் பேர்ல நடத்தப் போறீங்க மாஸ்டர்?"

"என் பேர்லதான்."

"நீங்கதான் இருக்கீங்களே மாஸ்டர்."

அதில் கேலி இல்லை, ஐயா. நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். அன்று கீழே வந்து டீ குடிக்கும்போது யோசித்தேன். உயிரோடு இருக்கிறவனுக்கு இந்த நாட்டில் ஒரு மரியாதையும் இல்லை. இதை மாற்ற முடியாது. இருக்கிற விதிக்குள்தான் ஆட வேண்டும், அதுதான் தொழில்முறை.

அந்தச் சமயத்தில்தான் பாலமுருகன் பயிற்சியில் மயங்கி விழுந்தான். வேலூர் போய்ப் பார்த்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தான். இதயச் சுவர் தடித்திருக்கிறதாம். நடக்கலாம், ஜீப் ஓட்டலாம், ஓடக்கூடாது.

"ஓடினா நின்னுடுமாம் மாஸ்டர். நீலாகிட்ட இன்னும் சொல்லலை. பயந்துடுவா."

நீலாவதி அவன் மனைவி. வாய் கொஞ்சம் அதிகம். சொல்லாதே, நானும் சொல்ல மாட்டேன் என்றேன். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவேன். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

இனி விளையாட முடியாது என்பதால் அவன் கோச்சாக இருக்கட்டும் என்று சக்கரவர்த்தி பேசிக்கொண்டிருந்தார். உடம்புக்கு ஏதோ முடியவில்லை என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தான். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. அது இந்த வழக்குக்குத் தொடர்பில்லாத விஷயம், நீங்கள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. பையன்கள் கைதட்டினார்கள். தட்டட்டும்.

அடுத்த வாரம் அணி முழுவதையும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்த் தனித்தனியாகப் படம் எடுக்கச் சொன்னேன். பாலமுருகனைத் தலையைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னேன். சிரித்தான். முதல்முறையாக அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை, போளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நினைவுக் கோப்பை இறுதி ஆட்டம். சித்திரை வெயில். மலையில் இருந்து இறங்கினால் அடுப்பு வாயில் நிற்பது மாதிரி இருக்கும். பாலமுருகன் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றான். நான் திட்டவில்லை, தோளில் கைபோட்டுத்தான் பேசினேன். கேப்டன் பெஞ்சில் இருந்தால் பையன்கள் மனசு விட்டுப்போகும், சும்மா நின்றுவிட்டு வா, பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுகிறேன் என்றேன். அவன் என்னை நம்பினான். மேனேஜரை நம்பாத ஆட்டக்காரன் உருப்பட மாட்டான்.

பந்து காலில் வந்தால் அவனால் நிற்க முடியாது, ஐயா. அது எனக்குத் தெரியும். ஓடினான். ஒரு கோலும் போட்டான். பிறகு என்னைப் பார்த்து மாற்றுங்கள் என்று கையைச் சுற்றினான். மாற்று ஆள் பனியனை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் தயாராக நின்றான். எனக்கு அப்போது ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. குனிந்து கட்டினேன். நிமிர்ந்தபோது அவன் மறுபடி கையைச் சுற்றினான். நான் கோல்கீப்பரிடம் முன்னால் வந்து நில் என்று கத்திக்கொண்டிருந்தேன். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் விழுந்தான். ஆம்புலன்சில் நானேதான் கூடப் போனேன். வழியெல்லாம் அவன் கையைப் பிடித்திருந்தேன். இதை ஏன் யாரும் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

நான் அவனைத் தொடவில்லை. எட்டு சீசனில் எத்தனையோ பேரைத் தொட்டிருக்கிறேன், யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை. ஓர் ஆளை மாற்றாமல் விட்டதற்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, உங்கள் வேலை.

தப்பு எங்கே நடந்தது என்றால் முகூர்த்த மாதத்தில் நடந்தது. கல்யாண பேனர்கள் குவிகிற நேரத்தில் ஃப்ளெக்ஸ் கடையில் சொன்ன நாளுக்குக் கிடைக்காது. அதனால் ஒடுகத்தூரில் ராஜவேலு கடையில் முன்கூட்டியே, புதன்கிழமையே, ஆர்டர் கொடுத்துவிட்டேன். 'அமரர் பாலமுருகன் நினைவுக் கோப்பை, முதலாம் ஆண்டு.' மூலையில் மேனேஜர் என்று என் படம், அடக்கமாகத்தான். மறைந்த தேதி என்ன போடுவது என்று ராஜவேலு கேட்டார். இடம் விடுங்கள், பிறகு எழுதிக்கொள்கிறேன் என்றேன். அரையிறுதியில் போவானா இறுதியில் போவானா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ஜோசியக்காரன் இல்லை.

தயாரானதும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். காரியம் முடிகிறவரை அறையில் சுருட்டி வைத்திருக்கலாம் என்பது திட்டம். ராஜவேலு நல்ல மனசுக்காரர். துக்க வீட்டு வேலை தாமதமாகக்கூடாது என்று திங்கட்கிழமையே மலைக்கு வந்த ஜீப்பில் ஏற்றிவிட்டார். ஓட்டியவன் பாலமுருகனோடு ஸ்டாண்டில் நின்றவன். படத்தைப் பார்த்தான், நேராக அவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினான். உடம்பு இன்னும் ஐஸ் பெட்டியில் இருந்தது.

பிரித்துக் கட்டியபோது பத்துப் பேராவது மெச்சினார்கள். இவ்வளவு சீக்கிரம் யாரும் செய்ய மாட்டார்கள், மாஸ்டருக்கு எவ்வளவு பாசம் பார் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். நீலாவதி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு அந்த பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் கடையின் போன் நம்பர் சின்னதாக இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. அவள் படித்தாள். எல்லார் எதிரிலும் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"இது எப்போ ஆர்டர் குடுத்தாங்கண்ணா?"

"புதன்கிழமைம்மா. மாஸ்டரே வந்திருந்தாரு. பையன் போய்ட்டான்னு சொல்லி ரொம்ப வருத்தப்பட்டாரு."

நீலாவதி என் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"புதன்கிழமை எங்க வூட்ல உக்காந்து களி துன்னாருங்க அவரு. நீங்களும் துன்னீங்க."

உண்மைதான். ஒடுகத்தூரில் இருந்து திரும்பியதும் நேராக அங்கேதான் போனேன். பசி. கீரைக் குழம்பு நன்றாக இருந்தது.

ஆமாம், ஐயா. தெரிந்துதான் இறக்கினேன், தெரிந்துதான் மாற்றவில்லை. இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. வக்கீல் வேறு மாதிரி சொல்லச் சொல்லுவார், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆட்டத்தின் முடிவுக்கு மேனேஜர்தான் பொறுப்பு.

நேற்றுச் சக்கரவர்த்தி வந்திருந்தார். கோப்பை நடக்கப்போகிறதாம். யார் பெயரும் போடவில்லை, வெறும் ஜவ்வாது மலைக் கோப்பை. நீலாவதிதான் முன்னால் நிற்கிறாளாம். என் படத்தை பேனரிலிருந்து கத்தரித்துவிட்டு மீதியை மாட்டுக் கொட்டகைக்குப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு நல்ல ஃப்ளெக்ஸ்.

கடைசியாக நீங்கள் கேட்டீர்களே, பாலமுருகன் கோச்சாகப் பொறுப்பெடுத்தால் செத்தவன் பெயர் எதுவும் வேண்டாம், கோப்பையை நாங்களே நடத்தித் தருகிறோம் என்று வியாபாரிகள் சொன்னது நிஜமா என்று. நிஜம்தான். அந்தப் புதன்கிழமைக்கு முன்பே, என்னை உட்காரவைத்துக்கொண்டே சொன்னார்கள். பாலமுருகனும் சரி என்றான். மாஸ்டர் கூட இருந்தால் போதும் என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அதெல்லாம் ஒரு காரணமே இல்லை. மலைக்கு ஒரு கோப்பை வேண்டியிருந்தது, அதற்கு வேறு வழியே இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.