கோடு விழவில்லை என்று மருந்தை நிறுத்தாதீர்கள்

நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு என் அக்காவின் கடைசிக் கரு உறைகுளிரை விட்டு வெளியே வருகிறது, அதை இந்த மேடையில் சொல்லச் சொன்னவளே என் அக்காதான்!

கருவைக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்தே கண் மங்கிப்போன தலைவி, எங்கள் ஆய்வக அம்மா அவர்களே! ஊசி போட்ட வலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கும் அக்காமார்களே! அவர்கள் கோப்புகளைச் சுமந்து தோள் சரிந்த மாமாமார்களே! பெற்ற தாய்மார்களே, பெறக் காத்திருக்கும் தாய்மார்களே, வயிற்றில் வந்தும் கைக்கு வராமல் போன தாய்மார்களே! கைப்பேசிக்குள் கதைபேசி, இன்றுதான் முகம் பார்க்கும் நம் குழுவின் தோழிகளே! உங்கள் காத்திருப்புக்கு என் முதல் வணக்கம்.

கை தட்டாதீங்க அண்ணா. கேட்டு முடிச்சப்புறம் தோணினா தட்டுங்க.

செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில் அக்காவுக்கு மூன்று கருக்களை உருவாக்கி உறையவைத்தார்கள். முதல் கரு உருக்கும்போதே உயிர் பிழைக்கவில்லை. யார் குற்றம்? அக்கா மாடிப்படி ஏறியதுதான் குற்றம் என்றார் அவளுடைய மாமியார். கரு அப்போது ஆய்வகத்தில் இருந்தது, அக்கா வீட்டில் இருந்தாள்! ஆய்வகத்துக் கருவை வீட்டுப் படிக்கட்டு எப்படித் தடுக்கி விழவைக்கும்?

சிரிக்கிறீங்க. அன்னிக்கு எங்க வீட்டுல யாரும் சிரிக்கல.

இரண்டாவது முறை நான் களத்தில் இறங்கினேன். மருத்துவம் படித்தவள் அல்ல நான், கைப்பேசியில் படித்தவள். உறையவைத்த நாளில் பெண்ணின் வயது முக்கியம் என்று படித்தேன். கருவின் தரம் முக்கியம் என்று படித்தேன். கருப்பைச் சுவரின் தடிப்பு முக்கியம், கருவைக் கருப்பையில் தங்கவைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரை தொடங்கும் நேரம் முக்கியம் என்று படித்தேன். அத்தனையும் படித்தேன், அடக்கத்தை மட்டும் படிக்கவில்லை!

கருவை உள்ளே வைத்தார்கள். பத்தாம் நாள் இரத்தப் பரிசோதனை, அதுவரை மாத்திரையை விடக்கூடாது என்றார்கள். ஐந்தாம் நாள் காலையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்கு ஓடிப்போய் கர்ப்பச் சோதனை அட்டை வாங்கிவந்தேன்.

"வேணாம்டி, பத்து நாள்னு சொல்லியிருக்காங்க."

"நம்ம குழுவுல ஒருத்திக்கு அஞ்சாம் நாளே ரெண்டு கோடு வந்துச்சுக்கா. சும்மா பாரு!"

பார்த்தாள். ஒரே கோடு. குளியலறைக் கதவுக்கு வெளியே நான், உள்ளே அவள், நடுவில் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம். அது அழுகையை மறைக்கத் திறந்த குழாய்.

அன்று மாலை மாமா மாத்திரையை எடுத்து நீட்டினார். "எதுக்குங்க இனிமே? யாருக்கு?" என்று கையைத் தள்ளிவிட்டாள். அவர் வற்புறுத்தவில்லை.

பத்தாம் நாள், சும்மா ஒரு கடமைக்காகப் போனோம். தாளைப் பார்த்த செவிலி அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"கரு ஒட்டியிருந்திருக்கும்மா. இப்போ இரத்தத்துல கர்ப்ப ஹார்மோன் அளவு ரொம்பக் கம்மியா இருக்கு. மாத்திரை போட்டுட்டுத்தானே இருக்கீங்க?"

தோழிகளே, அந்தக் கேள்விக்கு எங்கள் மூவரில் யார் பதில் சொல்வது? நிறுத்தியவளா? நீட்டிய கையை மடக்கியவரா? அட்டை வாங்கிவந்த நானா?

இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. மருந்து தொடர்ந்திருந்தால் தங்கியிருக்குமா என்று ஆய்வக அம்மாவிடம் அழுதுகொண்டே கேட்டேன். "தங்கியிருக்கலாம், போயிருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா, தெரியும்னு சொன்னா அது பொய்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தத் 'தெரியாது' இருக்கிறதே, அது இன்றும் என்னோடு சாப்பிடுகிறது, என்னோடு படுக்கிறது.

பின்னாடி யாரோ கேக்குறீங்க, நாளைக்கு நல்லபடியா நடக்குமான்னு. தெரியாதும்மா. நானும் இப்போ அதைச் சொல்லப் பழகிட்டேன்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அக்கா, இன்று காலை என்னைக் கூப்பிட்டாள். அட்டை வாங்காதே என்று சத்தியம் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். மாத்திரை டப்பாவை என் கையில் வைத்தாள்.

"நீதான்டி எடுத்துக் குடுக்கணும். நான் அழுதாலும் குடுக்கணும். தள்ளிவிட்டாலும் குடுக்கணும்."

டப்பா இதோ, என் பையில் இருக்கிறது.

இரத்தப் பரிசோதனைக்கு முன் கோட்டைத் தேடாதீர்கள். கோடு விழவில்லை என்று மருந்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். நம் கண்ணீர் அல்ல! இந்த ஒரு செய்தியை இன்றே உங்கள் குழுக்களில் பகிருங்கள். ஐந்தாம் நாள் அட்டையோடு நிற்கும் ஒரு தங்கையை அது தடுத்து நிறுத்தட்டும். நாளை முதல் பத்து நாள் என் அக்காவிடம் "என்ன ஆச்சு?" என்று யாரும் கேட்காதீர்கள். கேட்டே ஆகவேண்டும் என்றால் என்னிடம் கேளுங்கள், "மாத்திரை குடுத்தியா?" என்று.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. காத்திருக்கும் ஒவ்வொரு வயிற்றுக்கும் வணக்கம்.