ஞானசெல்வியின் முகம்

படம் வரைய எண்ணெய் வண்ணத்தைவிட டேப்லெட் எவ்வளவோ மேல். கையில் கறை ஒட்டாது, மண்டையைப் பிடிக்கும் டர்பன்டைன் வாடை கிடையாது. ஒரே குறை, வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

அருள்செல்வி, உங்கள் அக்கா வீட்டுக்காரரை என்ன செய்தேன் என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்.

உத்தமபாளையத்தில் இருபது வருடமாக இறந்தவர்களின் படம் வரைகிறேன். முன்பு ஒரு முகத்துக்கு மூன்று வாரம் ஆகும். ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்த பூச்சு. வீட்டார் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். "மூக்கு இன்னும் எடுப்பா இருக்கும்க்கா" என்பார்கள். அழுவார்கள், டீ குடிப்பார்கள். இப்போது வாட்ஸப்பில் போட்டோ வருகிறது, சாயங்காலமே படம் போய்விடுகிறது. எனக்கென்று யாரும் இல்லை. சில நாள் நான் வாயே திறப்பதில்லை.

அமிர்தராஜ் ஐயா நேரில் வந்தார். இராயப்பன்பட்டியிலிருந்து பஸ் ஏறி, பேப்பரில் சுற்றிய பன்னீர் திராட்சையோடு. மனைவி ஞானசெல்வியின் வருஷப் பூசைக்குப் படம் வேண்டும் என்றார். "எனக்கு மறதி வந்துருச்சு தாயி. அவ மொகம் மறக்குறதுக்குள்ள வரஞ்சு குடுத்துரு." அன்றைக்கே என் பெயரை மூன்று முறை கேட்டார்.

படம் மறுநாளே முடிந்துவிட்டது. இன்னும் முடியவில்லை என்று சொன்னேன். அவர் வியாழன்தோறும் வந்தார். ஒரு மணி நேரம் இருப்பார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எனக்கு நாள்.

டேப்லெட்டில் கண்ணாடித் தாள் அடுக்குவதுபோல ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைக்கலாம். உங்கள் அக்கா முகத்தின் மேல் வேறொரு முகத்தை வைத்தேன். முதல் வாரம் ஐந்து சதவீதம் தெரியவிட்டேன். வாரம் ஐந்து கூட்டினேன். எண்ணெயில் இது நடக்காது, அடியில் இருப்பது என்றாவது காட்டிக்கொடுத்துவிடும். "இப்படித்தான இருப்பாக?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமா தாயி, இவதான்" என்பார். அவர் போனில் இருந்த போட்டோக்களை இடையில் அழித்துவிட்டேன். வீட்டுக் கல்யாணப் படத்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன். இருபதாவது வாரம் உங்கள் அக்கா அந்தப் படத்தில் இல்லை.

பூசையன்று "இது அக்கா இல்ல மாமா" என்று நீங்கள் உங்களிடமிருந்த போட்டோவைக் காட்டியபோது, "யாரு இந்தப் பொண்ணு?" என்று அவர் கேட்டதாகச் சொன்னீர்கள். அதைக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

படத்தில் இருப்பது யார் என்று ஊரெல்லாம் விசாரித்தீர்களாம். இப்போது எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஏமாற்றிவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். போன வியாழன் படியேறி வந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

"இத்தன நாளா எங்க போயிருந்த ஞானம்?" என்றார்.

"இங்கனதான் இருந்தேன்" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.