நாப்பது சட்டை, ஒரு கரடி

...இல்லம்மா, நீங்க அச்சடிச்ச சட்டை நல்லாத்தான் இருக்கு. அதான் பிரச்சினையே! கரடி இப்படியா ரெண்டு கால்ல நின்னு வாயைப் பொளக்கணும்? ஆமா, ஆமா, "இன்னும் கோவமாப் போடுங்க"ன்னு மூணு தடவை ஃபோன் பண்ணது நான்தான். யாரு இல்லேன்னா?

அதைக் கொஞ்சம்... படுக்க வைக்க முடியுமா?

ஏன்னு கேளுங்க. இத்தனை வருஷமா பீர் கடைல நான் சொல்லிட்டு வந்த கதை என்ன? எங்க பாட்டனுக்குப் பாட்டன் யூரோ, லிப்தோவ் காட்டுல வெறுங்கையால கரடியை அடிச்சான். அதான் எங்க குடும்பப் பேரு மெத்வேத், அப்படின்னா கரடி! பக்கத்து வீட்டு ஸாயட்ஸ், பாவம், அந்தப் பேருக்கு அர்த்தமே முயல். "உங்காளு எதைப் பாத்துய்யா ஓடினாரு?"ன்னு கேட்டுக் கேட்டே மானத்தை வாங்கிருக்கேன்.

இப்ப எங்க வம்சமே ஒண்ணு கூடுது. கொப்பரை நிறைய குலாஷ் கறிக்குழம்பு, நாப்பது பேரு, ஆளுக்கொரு சட்டை. அத்தோட சும்மா இருக்கலாம்ல? ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டேன். யூரோவோட வீரத்தைக் கூட்டத்துல வாசிக்கணுமாம் எனக்கு!

வந்துச்சு பதிலு. "யூரோ. ஊரே பனியில் பண்ணையாருக்கு மரம் இழுக்கையில், அடுப்பை ஒட்டிய கதகதப்பான மேடையில் ஏறிப் படுத்தவன். பனி உருகும்வரை எழவில்லை. அதனால் ஊரார் அவனைக் கரடி என்கிறார்கள்." அவ்ளோதான்! அடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மெத்வேத்ங்கற சொல்லுக்கே தேன் தின்னின்னுதான் பழைய அர்த்தமாம். சரி, அதாவது மிஞ்சுச்சேன்னு பாத்தா, எனக்குச் சர்க்கரை. தேனைத் தொடக் கூடாதாம்.

கடுதாசியை ஒளிச்சு வச்சேன். பொஜேனா, என் வீட்டுக்காரி, எடுத்துப் படிச்சிட்டா. "நீ வாசிக்கிறியா, நான் வாசிக்கட்டா?"ங்கறா. ஸாயட்ஸை வேற கூப்பிட்டிருக்கா! அவன் முன்னாடி எப்படிம்மா...

என்னது, மாத்த ஒரு வாரம் ஆகுமா? கூட்டம் எப்பன்னா... அது வந்து... இன்னைக்குத்தான். பத்து மணிக்கு. இப்ப மணி... பன்னெண்டா? இன்னைக்கு அரை நாள் கடைன்னு ஷட்டரை இறக்காதீங்கம்மா!

ஏழு மணி பஸ்ல வந்து வாங்கிட்டுப் போறதாத்தான் ஏற்பாடு. பொஜேனா விடியறதுக்கு முன்னாடியே வெங்காயம் உரிக்கப் போயிட்டா. அலாரம் அடிச்சுச்சு. அடிச்சுக்கிட்டே இருந்துச்சு... அடுப்போரமா இதமா இருந்துச்சும்மா.

சிரிங்க, சிரிங்க. எனக்கே சிரிப்பு வருது.

நாப்பதையும் மாத்த வேண்டாம், கட்டிக் குடுங்க. ஒரு பேனா மட்டும் எடுங்க. என் சட்டைல மட்டும் அந்தக் கரடிக்குக் கண்ணை மூடி விட்டுடுங்க. தூங்கி எந்திரிச்சு இந்த நேரத்துக்கு நான் போய் நின்னா, கடுதாசியை யாரும் வாசிக்கவே வேண்டாம்.